ஏட்டையா பிடித்துக் கொடுத்தார், சாட்சி வரவில்லை

சில வருடங்களுக்கு முன் அரசுத் தரப்பில் நான் நடத்திய வழக்கு இது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவரை அரிவாளோடு ஒருவன் வெட்ட வந்தான். அந்த வழியாக வந்த ஏட்டையா பைக்கை அப்படியே போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தார். வெட்டு அவருடைய முன்கையில் விழுந்தது. பிடித்த பிடியை மட்டும் அவர் விடவில்லை. கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து விசாரணை. கூண்டில் ஏறிய முதல் சாட்சி, கூட்டமாக இருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை என்றார். அடுத்தவர் அன்று ஊரிலேயே இல்லையாம். உயிர் தப்பியவரே, வெட்ட வந்தது யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டார். வெளியே பேசி முடித்திருப்பார்கள், வேறென்ன. காயம்பட்ட சாட்சியின் சொல்லுக்குச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு என்பதால் ஏட்டையாவை வெட்டியதற்குத் தண்டனை கிடைத்தது. யாரைக் காப்பாற்றப் போனாரோ அவரைக் கொல்ல முயன்ற குற்றச்சாட்டில் விடுதலை!

காவலர் வீரம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் துக்காராம் ஓம்ப்ளேயைச் சொல்வார்கள். 2008 நவம்பர் 26 இரவு, மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் சுட்டுத்தள்ளிய தீவிரவாதிகள் இருவர், பறித்துக்கொண்ட காரில் கிர்காவ் சௌபாத்தி பக்கம் வருகிறார்கள். அங்கே போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. துப்பாக்கிச் சண்டையில் ஒருவன் சாய்ந்தான். மற்றவன் கசாப். உதவி சப்-இன்ஸ்பெக்டரான ஓம்ப்ளே முன்னாள் ராணுவக்காரர், கையில் லத்தி மட்டுமே. ஏகே-47 குழலை அவர் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடம்பில் பாய்ந்தும் பிடி தளரவில்லை. அதற்குள் சக காவலர்கள் கசாப்பை அடித்து மடக்கினார்கள். 2009 குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா, மறைவுக்குப் பின்.

வக்கீல் கண்ணுக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கியவன் கசாப் ஒருவன்தான். நீதிமன்றத்தில் நிறுத்த ஒருவனாவது கிடைத்தான் என்றால் அது ஓம்ப்ளே கொடுத்தது. ஆனால் நிறுத்தினால் போதுமா? ரயில் நிலையத்தில் காலில் குண்டடிபட்ட ஒன்பது வயதுச் சிறுமி, பிறகு ஊன்றுகோலோடு நீதிமன்றத்துக்கு வந்து அவனை அடையாளம் காட்டினாள். அந்தப் பிள்ளைக்கு இருந்த துணிச்சல் என் டீக்கடைச் சாட்சிகளுக்கு இல்லாமல் போயிற்று.

சரி, அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதே தெருவில் வெட்டியவனின் அண்ணன் தம்பிகள் நடமாடும்போது யாருக்குத்தான் பயம் இருக்காது? அந்தப் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்கச் செல்லும் என்றது. மிரட்டல் இருந்தால் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். நீதிமன்றத்துக்குப் போலீஸ் துணை, வீட்டருகே ரோந்து, பெயரை மறைத்தல், மூடிய அறையில் விசாரணை என ஆபத்தின் அளவைப் பார்த்து உத்தரவிடுவார்கள். மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். மிரட்டல் வந்த அன்றே எழுதுங்கள், போனில் வந்திருந்தால் அழைப்பு விவரத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம் ஒன்று, விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது, சட்டமே அப்படி. பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, போலீஸ்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் ஏட்டையாவைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அந்தக் கடைப் பக்கம் போவதுண்டா என்று கேட்டேன்.

"தினமும் அங்கதான் சார் டீ. காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க" என்றார்.