எந்தக் குழியில் கிடைத்தது? இஸ்ரவேல், யூதா அரசர்களைப் பற்றிப் பகிரும் முன் கேட்க வேண்டியது

யூதாவின் அரசன் யோவாஸ் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்துவிட்டது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்புக் கல், வரிவரியாகப் பழைய எபிரேய எழுத்து, கீழே "வேதம் சொன்னது உண்மையே" என்று ஒரு வாசகம். நான் கல்லூரியில் பண்டைய மேற்காசிய வரலாறு நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சபைகளில் பேசுகிறவர்களுக்கும் பழைய ஏற்பாட்டு அரசர்களின் வரலாறு பற்றி வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் யாராவது இந்தப் படத்தை அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கும். கேட்காமல் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் கவலை.

அந்தக் கல்லை எந்த அகழாய்விலும் யாரும் எடுக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் பழம்பொருள் சந்தை வழியாக அது வெளியே வந்தது. இஸ்ரேல் தொல்பொருள் துறை அமைத்த வல்லுநர் குழு 2003-ல் அதை இக்காலப் போலி என்றது. மோசடி வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2012-ல், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அதனாலேயே கல் உண்மையானது என்று ஆகிவிடாது என்பதையும் நீதிபதி சேர்த்தே சொன்னார். பகிரப்படும் செய்திகளில் விடுதலை மட்டும் இருக்கிறது, அந்த இரண்டாவது வாக்கியம் இல்லை.

இந்த அரசர்களுக்கு இப்படிப்பட்ட சந்தேகக் கல் எதுவும் தேவையே இல்லை, அதுதான் என் ஆதங்கம். மண்ணுக்குள்ளிருந்து முறையாக வந்த சாட்சிகள், அதிலும் எதிரிகளே எழுதிவைத்த சாட்சிகள், போதுமான அளவு இருக்கின்றன. நம் ஊரில் அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

முதலில் ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாலொமோன் இறந்தபின், ஏறத்தாழ கி.மு. 930-ல், நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே யெரொபெயாமின் கீழ் இஸ்ரவேல், தெற்கே ரெகொபெயாமின் கீழ் யூதா. வடக்கில் சுமார் 200 ஆண்டுகளில் 19 அரசர்கள். கொலையும் கலகமுமாக வம்சம் மாறிக்கொண்டே இருந்தது. சிம்ரி ஏழே நாள் ஆண்டு, அன்றைய தலைநகர் திர்சாவில் அரண்மனைக்குத் தீவைத்துத் தானும் அதில் மாண்டான். தெற்கில், அத்தாலியாள் ஆண்ட ஆறு வருடங்கள் நீங்கலாக, தாவீதின் வம்சமே கடைசிவரை சிம்மாசனத்தில் இருந்தது. "இஸ்ரவேலின் ராஜாவாகிய எசேக்கியா" என்று மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். எசேக்கியா யூதாவின் அரசன். இஸ்ரவேல் என்ற அந்த அரசு அவன் காலத்திலேயே அசீரியரிடம் அழிந்துபோனது.

வடக்கு அரசர்களில் நம்மவர்கள் கவனிக்காமல் கடந்துபோகிற ஒருவன் உம்ரி. ராஜாக்களின் புத்தகம் அவனுக்கு ஒதுக்கியது சில வசனங்கள்தான். சேமேரிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி, அதில் சமாரியாவைக் கட்டினான், பொல்லாப்பானதைச் செய்தான், செத்தான். ஆனால் அவன் காலத்துக்கு வெகுநாள் பின்னும் அசீரியர் அந்த நாட்டையே "உம்ரியின் வீடு" என்றுதான் குறித்தார்கள். வேதத்தை எழுதியவர்கள் அரசனை எடைபோட்டது அவன் யாரை வணங்கினான் என்பதை வைத்து. அண்டை நாட்டார் எடைபோட்டது அவன் படையை வைத்து. இரண்டும் தெரிந்தால்தான் உம்ரி யார் என்று புரியும்.

மோவாபிய அரசன் மேசாவின் கல்லைப் பாருங்கள். 1868-ல் இன்றைய ஜோர்தானில் உள்ள தீபானில் க்ளைன் என்ற மிஷனரி அதைக் கண்டார். மறு ஆண்டே உள்ளூர்ப் பூசலில் கல் உடைக்கப்பட்டது. அதற்குமுன் ஈரக்காகிதம் ஒற்றி எடுத்த படி ஒன்று இருந்ததால், துண்டுகளைச் சேர்த்து மீட்க முடிந்தது. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் வரிகள். இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், காரணம் கேமோஷ் தெய்வம் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்தது என்கிறான் மேசா. பிறகு தெய்வம் மனம் இரங்கியது, தான் வென்றேன், இஸ்ரவேல் அடியோடு அழிந்தது என்கிறான். இதே மேசாவோடு நடந்த போரை இரண்டாம் ராஜாக்கள் மூன்றாம் அதிகாரமும் சொல்கிறது. அங்கே இஸ்ரவேல் படை ஊர்களை அழித்துக்கொண்டு முன்னேறுகிறது, கடைசியில் மட்டும் பின்வாங்குகிறது. தோல்விக்குத் தெய்வத்தின் கோபத்தைக் காரணம் சொல்லும் வழக்கம் எபிரேயருக்கு மட்டும் உரியதில்லை என்பது வகுப்பில் பலருக்குப் புதிய செய்தி. அந்தக் காலத்து மேற்காசியா முழுக்க அரசர்கள் பேசிய பாஷை அது.

ஆகாப் என்றதும் நாபோத்தின் திராட்சத்தோட்டமும் யேசபேலும் எலியாவும்தான் நினைவுக்கு வரும். கி.மு. 853-ல் கர்கர் என்ற இடத்தில் அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாரை எதிர்த்து நின்ற கூட்டணியில் அதே ஆகாப் முக்கியப் பங்காளி. சல்மனாசாரின் கல், "இஸ்ரவேலனாகிய ஆகாப்" 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்தான் என்கிறது. ரதங்களின் எண்ணிக்கை மிகை அல்லது எழுத்துப்பிழை என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வென்றதாகச் சல்மனாசார் பெருமை அடித்துக்கொண்டாலும், அடுத்த சில ஆண்டுகளில் அதே கூட்டணியோடு மறுபடி மறுபடி மோத வேண்டியிருந்தது. வேதத்தில் கர்கர் போர் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே சல்மனாசாரின் இன்னொரு நினைவுச்சின்னம் கறுப்புத் தூண். 1846-ல் இன்றைய ஈராக்கில் உள்ள நிம்ரூத்தில் லேயார்ட் என்ற ஆங்கிலேய அகழாய்வாளர் தோண்டி எடுத்தது. ஆளுயரத்துக்கும் சற்று அதிகம். நான்கு பக்கமும் ஐந்தைந்து சிற்பப் பலகைகள். மேலிருந்து இரண்டாவது வரிசையில் ஒருவன் அசீரிய அரசனின் காலடியில் நெற்றி தரையில் படக் கிடக்கிறான். மேலே எழுதியிருப்பது: உம்ரியின் மகன் யெகூவின் கப்பம். வெள்ளி, பொன், பொற்கிண்ணம், பொன்வாளிகள், ஈயம், அரசன் கையில் பிடிக்கும் கோல் என்று பட்டியல் நீள்கிறது. கிடப்பவன் யெகூவோ அவன் தூதனோ, எபிரேய அரசன் ஒருவனைக் குறித்து அவன் வாழ்நாளிலேயே செதுக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் உருவம் இது ஒன்றுதான். உம்ரியின் மகன் என்பதுதான் இதில் வேடிக்கையான தப்பு. உம்ரி வம்சத்தை யெஸ்ரயேலில் ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டியவனே யெகூ. அசீரிய எழுத்தனுக்கு அந்த நாட்டு அரசன் யாராக இருந்தாலும் உம்ரி வீட்டான்தான். எதிரியின் கல்லிலும் பிழை இருக்கும், கல்லில் இருப்பதாலேயே ஒன்று உண்மை ஆகிவிடாது என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து வருடக் கணக்கு. சமூக ஊடகத்தில் அட்டவணை போடுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. ரெகொபெயாமும் யெரொபெயாமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆட்சிக்கு வந்தார்கள். யெகூ கலகம் செய்த நாளில் இஸ்ரவேலின் யோராம், யூதாவின் அகசியா இருவரையும் வீழ்த்தினான். ஆக, தொடக்கமும் முடிவும் ஒன்றே. யூதா பக்கம் கூட்டுங்கள்: ரெகொபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, யோசபாத் 25, யோராம் 8, அகசியா 1. மொத்தம் 95. இஸ்ரவேல் பக்கம்: யெரொபெயாம் 22, நாதாப் 2, பாஷா 24, ஏலா 2, உம்ரி 12, ஆகாப் 22, அகசியா 2, யோராம் 12. மொத்தம் 98. (இரு பக்கமும் ஒரு யோராம், ஒரு அகசியா இருப்பதைக் கவனியுங்கள். வகுப்பில் அதிகம் பேரைத் தடுக்கிவிடுவது அதுதான்.)

மூன்று வருடம் எங்கே போனது? வடக்கில் ஒருவன் முடிசூடிய ஆண்டின் மீதி மாதங்களையே அவனுக்கு முதல் வருடமாக எண்ணியிருக்கிறார்கள். அதே ஆண்டு இறந்தவனின் கணக்கிலும் சேரும். தெற்கில் பெரும்பாலும் அடுத்த புத்தாண்டிலிருந்து எண்ணினார்கள். இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆகாப் கி.மு. 853-ல் உயிரோடு இருந்தான். யெகூ 841-ல் கப்பம் கட்டினான். இடைவெளி 12 ஆண்டு. நடுவில் ஆண்ட அகசியா 2, யோராம் 12 என்று வேதம் சொல்வதைக் கூட்டினால் 14. ஒவ்வொருவரிடமும் இரட்டித்து எண்ணிய ஒரு வருடத்தைக் கழித்தால் 12. கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த அசீரிய ஆண்டுகள் உறுதியானவை. அவர்கள் ஒவ்வோர் ஆண்டையும் ஓர் அதிகாரியின் பெயரால் குறித்துப் பட்டியல் வைத்தார்கள். அதில் ஓர் ஆண்டில் பதிவான சூரிய கிரகணம், வானியல் கணக்குப்படி கி.மு. 763 ஜூன் 15-ல் நிகழ்ந்தது. அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணலாம். எல்லா அரசர்களுக்கும் கணக்கு இவ்வளவு சுலபமாக அமையாது; தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட வருடங்கள் குறுக்கே வரும். வசன எண்களை மட்டும் கூட்டிக் கி.மு. ஆண்டு போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

யூதாவுக்கு வருவோம். கி.மு. 701-ல் அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்தான். அவனுடைய களிமண் பட்டயம் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவையைப் போல அடைத்ததாகவும் சொல்கிறது. எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கப்பம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கிறது பட்டயம். இரண்டாம் ராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி என்கிறது. பொன்னின் அளவில் ஒற்றுமை, வெள்ளியில் வேறுபாடு. இரண்டையும் மாணவர் முன் வையுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. யூதாவின் அரணான நகரமான லாகீஸ் வீழ்ந்ததைச் சனகெரிப் நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கினான். லாகீசில் தோண்டியபோது அசீரியர் மதிலேறக் குவித்த முற்றுகை மேடே வெளிப்பட்டது.

எசேக்கியாவின் சுரங்கம் என்று சுற்றுலாப் பயணிகள் தண்ணீரில் நடந்துபோகும் 533 மீட்டர் வாய்க்காலில் 1880-ல் ஒரு கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள், நடுவில் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது அந்தப் பக்கத்து ஆளின் குரலைக் கேட்டதாக அதில் இருக்கிறது. அரசன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இரண்டாம் ராஜாக்கள் 20:20, எழுத்தின் வடிவம், சுரங்கச் சாந்தின் காலக்கணிப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போவதால்தான் அதை எசேக்கியா காலத்தது என்கிறோம். "கல்வெட்டிலேயே எசேக்கியா பெயர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது பாபிலோனில் கிடைத்த ரேஷன் கணக்கு. கி.மு. 597-ல் சிறைபிடிக்கப்பட்டுப் போன யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அரண்மனைக் கிடங்கிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்ததைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அவனை "யூதா தேசத்து அரசன்" என்றே குறித்திருக்கிறார்கள். எதையும் நிரூபிக்க எழுதப்பட்டதல்ல, கிடங்குக் கணக்கன் எழுதிய அன்றாடக் குறிப்பு. அதனால்தான் அதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

போலிகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்றால், வாங்க ஆள் இருக்கிறது. மேசாவின் கல் வெளியான சில ஆண்டுகளுக்குள் எருசலேமில் மோவாபிய மண்பாண்டங்கள் என்று போலிகள் விற்பனைக்கு வந்தன. பெர்லின் அருங்காட்சியகத்துக்காகச் சுமார் 1,700 உருப்படிகளை விலைகொடுத்து வாங்கினார்கள். 1988-ல் இஸ்ரேல் அருங்காட்சியகம் 5,50,000 டாலர் கொடுத்து வாங்கிய தந்த மாதுளம்பழம், சாலொமோன் ஆலயத்தில் இருந்து மிஞ்சிய ஒரே பொருள் என்று கொண்டாடப்பட்டது. பழம் பழையதுதான், எழுத்து பிற்காலத்தில் செதுக்கியது என்று 2004-ல் அறிவித்தார்கள். சில அறிஞர்கள் இன்னும் மறுத்து வாதிடுகிறார்கள். மண்ணின் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவு இருந்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. இஸ்ரேலின் வடக்கே உள்ள தாண் ஊரில் 1993-ல் கிடைத்த "தாவீதின் வீடு" கல்வெட்டைப் பாருங்கள். போலி என்று சிலர் எழுப்பிய சந்தேகம் நிற்கவில்லை. அது அகழாய்வுக் குழுவின் கண்முன் சுவரிலிருந்து வந்தது.

நம் ஊரிலிருந்து எருசலேம் பயணம் போகிறவர்கள் இப்போது அதிகம். தமிழக அரசின் மானியத்திலும் போகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: ராஜா காலத்து முத்திரை, பழங்காசு என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போயிற்று. உண்மையாக இருந்தால் அனேகமாகத் திருட்டுக் குழியிலிருந்து வந்தது. அதோடு, அனுமதிச் சான்று இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே எடுத்துவருவது இஸ்ரேலில் குற்றம். வாங்குகிற ஒவ்வொருவரும் அடுத்த குழி தோண்டக் கூலி கொடுக்கிறார்.

படம் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாக இருக்கிறது. ஆகாப் பெயர் வரும் கல்லின் பதிவு எண் 118884, யெகூவின் கறுப்புத் தூண் 118885, சனகெரிப்பின் பட்டயம் 91032. மூன்றும் எங்கே கண்டெடுக்கப்பட்டன என்பதும் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த ஞாயிறு வகுப்புக்கு அவற்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.