அரேஞ்ச்மென்ட் என்றால் ஏற்பாடா? கைமணி இசையில் ஒரு சொல்

ஆளுக்கு ஒன்றிரண்டு மணிகளைக் கையில் பிடித்து, எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டை ஒலிப்பவை கைமணிக் குழுக்கள். அவற்றுக்கான கிறிஸ்துமஸ் இசைத்தாள்களில், மெட்டமைத்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'அரேஞ்ச்மென்ட்' என்று இன்னொரு பெயரும் இருக்கும். இதைத் தமிழில் 'ஏற்பாடு' என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு நாற்காலி போடுவது ஏற்பாடு; இசைக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. 'ஒழுங்கமைப்பு' என்பதும் அகராதியோடு நின்றுவிட்ட சொல்தான். பாட்டு ஏற்கெனவே ஒழுங்காகத்தானே இருக்கிறது?

இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் உள்ளே இருப்பது 'வரிசை' என்ற பொருள். வரிசையில் நிறுத்துவதுதான் ஆதிப் பொருள். பிற்பாடு, ஒரு கருவிக்காக எழுதிய இசையை வேறு கருவிக்கோ குழுவுக்கோ பொருந்துமாறு மாற்றி எழுதுவதையும் அது குறிக்கத் தொடங்கியது. கைமணி இசையில் இரண்டு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன. மெத்தை விரித்த மேசையில் மணிகள் சுர வரிசையில் கிடக்கும், அவற்றின் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்.

ஹேண்ட்பெல்லுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை, கைமணி என்ற சொல் நம்மிடம் உண்டு. உள்ளே தொங்குவதை நாக்கு என்கிறோம். 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க' என்று சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்வதும் அந்த நாவைத்தான். இசைக்கான கைமணியில் இந்த நாக்கு எல்லாப் பக்கமும் ஆடாது, முன்னும் பின்னும் மட்டுமே போய்வரும். அதனால் மணியை எப்போது ஒலிக்க வைப்பது என்பது கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒலியை நிறுத்த மணியைத் தோளில் சாய்த்தால் போதும்.

இந்த மணிகள் இங்கிலாந்தில் பிறந்தவை. ஆலய கோபுர மணிகளை முறைமாற்றி அடிப்பவர்கள், மேலே ஏறாமலே பயிற்சி செய்ய இவற்றை வைத்துக்கொண்டார்கள். வில்ட்ஷயரின் ஆல்ட்போர்னில் கோர் சகோதரர்கள் 1696-க்கும் 1724-க்கும் இடையில் சுருதி சேர்த்த கைமணிகளைச் செய்தார்கள். அமெரிக்கரான மார்கரெட் ஷர்க்லிஃப் 1902-இல் ஒரு தொகுதியை பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். அமெரிக்கக் கைமணிக்காரர்களின் சங்கம் 1954-இல் உருவானது.

சரி, அரேஞ்ச்மென்ட் செய்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? பியானோவில் எல்லாச் சுரமும் ஒருவர் விரல் எட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே ஓர் ஆளுக்கு இரண்டு கை, பொதுவாக இரண்டு மணி. மெட்டு ஆளுக்கு ஆள் துண்டுபட்டுக் கிடக்கும். எந்தச் சுரம் எந்தக் கையில் என்று முடிவு செய்வதுதான் வேலையின் உயிர்.

'ஜாய் டு தி வேர்ல்ட்' பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். மேல் ஸ, நி, த, ப, ம, க, ரி, ஸ: அப்படியே சங்கராபரண ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்கு வரிசை. முழு மெட்டும் அந்த ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே எட்டு மணி, நான்கு பேர் போதும். ஆளுக்கு அடுத்தடுத்த இரண்டு சுரம் கொடுத்தால், முதல் வரி கேட்பவர்களின் இடக்கோடியில் தொடங்கி வலக்கோடியில் போய் முடியும். சிறு குழுவின் முதல் பாட்டாக இதைத்தான் நான் சொல்வேன்.

'சைலன்ட் நைட்' வேறு மாதிரி. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில் முதன்முதலில் பாடப்பட்ட இந்த மெட்டு நடு ஸ முதல் மேல் ம வரை போகிறது. பதினொரு மணி வேண்டும். இரண்டு ஸ்தாயித் தொகுதியில், அரைச் சுரங்களையும் சேர்த்து, 25 மணிகள் உண்டு. மெட்டின் நடு ஸ-வைத் தொகுதியின் அடி மணியில் வைத்தால் கீழே துணைச் சுரத்துக்கு இடமே இருக்காது. கொஞ்சம் மேலே தூக்கி, கீழ் ப மணியைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தால் ஆறு பேருக்குச் சரியாக வரும்.

ஆனால் அப்போதும் பங்கீடு சமமாக இராது. ஒரு சரணத்தில் நடு ப 11 முறை ஒலிக்கிறது. மேல் க, மேல் ம இரண்டும் ஒவ்வொரு முறைதான். அந்த இரண்டையும் பிடித்திருப்பவர் கிட்டத்தட்ட பாட்டு முழுக்கச் சும்மா நிற்பார். நல்ல அரேஞ்ச்மென்ட் அவரை விட்டுவிடாது: 'ப த ப க' என்ற முதல் அடி க-வில் வந்து நீளும்போது, ஒரு ஸ்தாயி உயரத்தில் அதே க-வை மெல்ல ஒலிக்கச் சொல்லும். அவருக்கும் வேலை கிடைக்கிறது, கேட்பவருக்கும் அந்த நீளம் வெறுமையாகத் தெரியாது. இப்படி ஆள் பார்த்து எழுதாத தாளை, சுரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், முழுமையானது என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த வேலைக்குத் தமிழில் பொருந்தும் வினை 'கோத்தல்'. மணி என்றால் நமக்கு ஒலிக்கும் மணியும் உண்டு, நூலில் கோக்கும் மணியும் உண்டு. சிதறியவற்றை ஒரே இழையில் கொண்டுவருவதுதான் இங்கே நடப்பதும். திரையிசையில் 'இசைக்கோர்ப்பு' என்பது பழகிவிட்டது. ஆனால் எழுத்தில் கோத்தல், கோத்தான் என்பவையே சரியான வடிவம். அப்படியென்றால் 'இசைக்கோப்பு' என்று எழுதலாமே என்றால், கணினி வந்த பிறகு அது ஒலிப்பதிவுக் கோப்பு என்றாகிவிட்டது. ஆகவே செயலுக்கு 'இசை கோத்தல்', எழுதி முடித்த தாளுக்கு 'இசைக்கோவை', செய்பவருக்கு 'இசை கோப்பவர்' என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் யாராவது கோர்ப்பு என்றால் திருத்தப் போக வேண்டாம், பொருள் புரிகிறது.

அப்புறம் தாளுக்குள் வரும் குறிப்புகள். தோளில் சாய்த்து நிறுத்த 'அடக்கு', ஒலி தானாக ஓயும்வரை விட 'ஒலிக்க விடு', மேசை மெத்தையில் மணியைத் தட்டி ஒலிக்க 'மெத்தையில் தட்டு'. இவற்றில் 'அடக்கு' என்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஒலிக்க விட்ட இடத்துக்குப் பின் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் முந்தைய சுரம் அடுத்ததன் மேல் படிந்து, 'சைலன்ட் நைட்' மூன்றாவது அடிக்குள் கலங்கிவிடும்.