தட்டைத் திருப்பிப் பாருங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் செய்வது வாஷ்பேசினும் கழிப்பறைப் பீங்கானும்தான். ஆனாலும் பீங்கான் தெரிந்தவன் என்பதால், தெரிந்தவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய தட்டுகள் என் கைக்கு வந்துவிடும்.

அண்மையில் ஆம்பூரில், தோல் வியாபாரக் குடும்பத்து நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர் மனைவி ஆறு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். தங்க விளிம்பு, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. "எங்க நன்னா (தாத்தா) கொழும்புல வாங்கினது. பிள்ளைங்களுக்கு இதுலயே சோறு வைக்கலாமாண்ணா?"

தட்டைத் திருப்பினேன். மாலை வளையத்துக்குள் 'எம்' என்ற எழுத்து, கீழே நோரிடாக்கே, ஜப்பான். அந்த 'எம்' மோரிமுரா குடும்பத்தைக் குறிப்பது. 1876இல் மோரிமுரா சகோதரர்கள் ஜப்பானியப் பொருட்களை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள். அப்புறம், ஐரோப்பியர் மாதிரி வெள்ளைப் பீங்கானைத் தாங்களே செய்ய வேண்டும் என்று 1904இல் நகோயாவுக்குப் பக்கத்தில் நோரிடாக்கே என்ற இடத்தில் ஆலை அமைத்தார்கள். அன்றைக்கு அதன் பெயர் நிப்போன் டோக்கி, அதாவது ஜப்பான் பீங்கான். ஊர்ப்பெயரே கம்பெனியின் பெயரானது 1981இல்தான்.

கோப்பை செய்ய வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு வரவில்லை. சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். குழிவான பாத்திரம் தன் வடிவத்தாலேயே நிற்கும். 25 சென்டிமீட்டர் அகலத் தட்டையான தட்டோ, 1300 டிகிரியை ஒட்டிய சூட்டில் களிமண் இளகும்போது நடுவில் தொய்ந்துவிடும். அதைச் சரிசெய்து முதல் டின்னர் செட்டை வெளியே அனுப்ப 1914 ஆயிற்று. ஒரு தட்டுக்காகப் பத்து வருஷம்! எங்கள் சூளையில் ஒரு பேசின் கோணிக்கொண்டு வந்தால் நான் இந்தக் கதையைத்தான் பையன்களுக்குச் சொல்வேன். அதே ஆலையிலிருந்து 1917இல் கழிப்பறைப் பீங்கானுக்கான டோட்டோவும், 1919இல் மின்கம்பப் பீங்கானுக்கான என்ஜிகேயும் தனித்தனியாகப் பிரிந்தன. அந்த வகையில் எங்கள் தொழிலுக்கும் அந்தச் சாப்பாட்டுத் தட்டு உறவுதான்.

முத்திரையை வைத்துக் காலத்தையும் சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போன சரக்கில் 1921 வரை 'நிப்போன்' என்று இருக்கும். அதற்குப் பிறகு 'ஜப்பான்'. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நல்ல மண்ணும் ஆட்களும் கிடைக்காமல் தரம் இறங்கியபோது, தங்கள் பெயரைப் போடாமல் 'ரோஸ் சைனா' என்ற பெயரில் விற்றார்கள். தரம் மீண்ட பிறகே பழைய பெயர் திரும்ப வந்தது. எனக்கு இந்தக் கம்பெனி மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். 'எம்' இருந்த வளையத்தில் 'என்' வந்ததும் போருக்குப் பிறகுதான். ஆக, ஆம்பூர்த் தட்டு பெரும்பாலும் போருக்கு முந்தையதாக இருக்கும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பழைய தட்டில் சிக்கல் பீங்கானில் இல்லை, பூவில். கிளேஸ் என்கிற பளபளப்பான கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டிய நிறம் கண்ணாடிக்குள் அடைபட்டதுபோல் பத்திரமாக இருக்கும். கிளேஸுக்கு மேல் தீட்டிய நிறத்தை 800 டிகிரி சுமாரில்தான் சுடுவார்கள். அந்தக் குறைந்த சூட்டில் உருகி ஒட்டுவதற்காக அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் சேர்ப்பது உலகம் முழுக்க வழக்கம். எந்தக் கம்பெனி தட்டானாலும் இதே கதைதான். சிவப்பு, மஞ்சளில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கலாம்.

வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பூ மட்டும் மங்கித் தெரிந்தாலோ, விரல் நகத்துக்கு மேடாகத் தட்டினாலோ அது மேல்வண்ணம். புளி, எலுமிச்சை, தக்காளி, வினிகர் எல்லாம் அதிலிருந்து ஈயத்தைக் கரைத்து எடுக்கும். ஆய்வகச் சோதனையும் இப்படித்தான்: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, கரைந்து வந்த ஈயத்தை அளப்பார்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் புளிக் கத்தரிக்காயை நினைத்துப் பாருங்கள். அது நேராக அந்தப் பூவின் மேல்தான் விழும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

கிளேஸில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலும், பூ தேய்ந்து வெளுத்திருந்தாலும் சாப்பாட்டுக்கு வேண்டாம். ஊறுகாயைப் பழைய வண்ண ஜாடியில் மாதக்கணக்கில் ஊறப்போடுவது தட்டைவிட மோசம். தங்க விளிம்பை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

அந்த அம்மாவிடம், "பிள்ளைகளுக்கு வெள்ளைத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றை அலமாரியில் நிறுத்தி வையுங்கள்" என்றேன். முகம் வாடிவிட்டது. நன்னா கையால் வாங்கியதாயிற்றே. அப்புறம் முத்திரையின் கதையைச் சொன்னேன். மூத்த பையன் ஓடிவந்து ஆறு தட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி 'எம்' தேட ஆரம்பித்தான்.