முட்டை ஏன் வெளுக்கிறது? கலப்பு சிக்லிட்களின் மலட்டுத்தன்மை

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ வண்ணமீன் கடையில் கொஞ்சநேரம் நின்றால், சிக்லிட் குடும்பத்துக் கலப்பு மீனான பேரட்டை வளர்ப்பவரின் இந்தப் புலம்பல் காதில் விழும்: "அண்ணாச்சி, பேரட் சோடி முட்டை போட்டுச்சு. ரெண்டே நாள்ல பூராவும் வெள்ளையாப் போச்சு. தண்ணி சரியில்லையோ?" பதிலுக்கு மெத்திலீன் புளூ என்னும் பூஞ்சை மருந்துப் புட்டி ஒன்று கைமாறும். அடுத்த ஈட்டிலும் முட்டை வெளுக்கும். தாமிரபரணித் தண்ணீர்மேல் பழி போடுமுன் தொட்டியிலுள்ள ஆண் மீனைச் சந்தேகிக்க வேண்டும்.

கருவுற்ற முட்டை இளமஞ்சளாக, உள்ளே ஒளி ஊடுருவும்படி இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் மூன்று நாளுக்குள் வால் துடிப்பது தெரியும். கருவுறாத முட்டை செத்து வெளுக்கும். செத்ததன்மேல்தான் பூஞ்சை ஏறும். மருந்து, பூஞ்சை பரவாமல் பக்கத்து நல்ல முட்டையைக் காக்கும். நல்ல முட்டையே இல்லாதபோது அது எதைக் காக்கும்?

பிளட் பேரட், 1980களில் தைவானில் உருவான கலப்பு. மத்திய அமெரிக்காவின் மிடாஸ் சிக்லிட்டும் ரெட்ஹெட் சிக்லிட்டும் அதன் பெற்றோர் என்பது பரவலான கருத்து. 1990களில் மலேசியாவில் பிறந்த பிளவர்ஹார்னில் இன்னும் பல இனங்கள் கலந்துள்ளன. பேரட் ஆண்கள் பெரும்பாலும் மலடு. பிளவர்ஹார்ன் ஆண்களிலும் மலடு அதிகம். ஆனால் பெண்கள் முட்டையிடும், மலடில்லாத ஆணோடு சேர்ந்தால் அதில் பல கருவுறவும் செய்யும்.

குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இரண்டும் கூடிப் பிறக்கும் மலட்டுக் கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை). எண்ணிக்கையே அங்கே இடிக்கிறது. அமெரிக்க சிக்லிட்களில் பெரும்பாலானவற்றுக்கு 48தான். எனவே இங்கே சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, உள்ளே இருக்கும் மரபணுக்களில். உடல் செல் பிரியும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் கலப்பு மீன் கொழுகொழுவென்று வளர்கிறது. விந்தணு உருவாகும்போதோ, இரண்டும் நெடுக்கே ஒட்டிச் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிய வேண்டும். சேராத செல்லை உடல் தானே அழித்துவிடும். இதோடு இன்னொன்றும் உண்டு: இரண்டு இனங்களின் மரபணுக்களும் நெடுங்காலம் தனித்தனியே மாறி வந்தவை. தத்தம் ஊரில் அப்பழுக்கில்லாமல் வாசிக்கும் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒத்திகையே இல்லாமல் ஒரே கச்சேரியில் உட்கார்ந்தால் தாளம் தப்புமே, அந்த நிலைதான்.

ஆண் மட்டும் ஏன்? கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் மலடானால், அது பெரும்பாலும் இருவேறு பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலாகவே (மனிதரில் XY உள்ள ஆணைப் போல) இருக்கும் என்று 1922இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதினார். பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். சிக்லிட்களில் பால் நிர்ணயம் இனத்துக்கு இனம் வேறுபடுவதால் இந்த விதியை அப்படியே பொருத்திவிட முடியாது. மீன்களில் குரோமோசோம் சேர்க்கை பழுதானால் விந்து உற்பத்தி அடியோடு நின்றும், முட்டை உற்பத்தி தொடர்ந்தும் போவதுண்டு. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நெருங்கிய இனங்கள் கலந்தால் கதையே வேறு. நம் குளங்களில் மண்டிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அது 1952இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதுவும் நைல் திலேப்பியாவும் கூடிப் பிறக்கும் குஞ்சுகள் தாராளமாகப் பெருகும்.

உங்கள் சோடியில் குறை எங்கே என்று கண்டறிய இணையை மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே குஞ்சு பொரித்த கான்விக்ட் சிக்லிட் ஆணைப் பேரட் பெண்ணோடு விடுங்கள். முட்டை தெளிவாக நின்றால் பெண்ணிடம் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை. மறுபடி வெளுத்தால் உப்புத் தண்ணீரா, வெப்பம் இறங்குகிறதா என்று அப்போது பாருங்கள். வால் துடித்தபின் குஞ்சுகள் செத்தால் அது வேறு சிக்கல். கருவுறுதல் அங்கே நடந்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் குஞ்சுகள் ஒன்றுபோல் இருக்காது, பேரட்டின் உருண்டை உடல் பலவற்றுக்கு வராது. விலை போகாத அவற்றை நயினார்குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். அவற்றில் இனம் பெருக்கும் பெண் மீன்களும் இருக்கலாம்.