'இ'யின் சுழி மட்டும் ஏன் கருகுகிறது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் படத்தோடு கேள்வி அனுப்பியிருக்கிறார். ரப்பர் மரப் பலகையில் லேசர் மெஷின் வைத்து வீட்டுப் பெயர் பொறித்துக் கொடுக்கிறவர். குமரி மாவட்டத்தில் பெயர் வைக்காமல் பால்காய்ப்பு நடத்துகிற வீடு குறைவு, ஆகவே பிழைக்கத் தெரிந்தவர்தான். படத்தில் 'அருள் இல்லம்' என்று இருக்கிறது. கோடுகள் எல்லாம் நல்ல காப்பி நிறம். 'இ'யின் சுழியில் மட்டும் ஊதுபத்தியால் சுட்ட மாதிரி ஒரு கரும்பொட்டு.

"சார், பவரை 10-ல வச்சா ஒண்ணுமே விழமாட்டேங்குது. 20-ல வச்சா சுழியெல்லாம் கருகுது. மெஷின் வித்தவர்கிட்ட கேட்டா உங்க ஊர் கரண்டு சரியில்லங்கிறார். ஸ்டெபிலைசரும் வாங்கிப் போட்டாச்சு" என்று எழுதியிருந்தார்.

ஸ்டெபிலைசருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். மெஷினோடு வரும் அடாப்டர், சுவரில் 200 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் ஒரே அளவு நேர்மின்னோட்டத்தைத்தான் தரும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

லேசர் என்றால் என்ன என்பது பள்ளிக்கூடப் பாடம், அதைத் தாண்டிவிடுவோம். இந்த வகைச் சிறு மெஷின்களில் இருப்பது நீல ஒளி தரும் டையோடு, அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். ஒளியாக வெளிவரும் திறன் 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். (பெட்டியில் 20 வாட், 40 வாட் என்று போட்டிருந்தால், அது டையோடு தின்னும் மின்சாரமா, கக்கும் ஒளியா என்று கேட்டு வாங்குங்கள்.)

பவர் 10 என்று வைத்தால் கதிர் மங்கலாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது நடப்பதில்லை. லேசர் டையோடுக்கு ஓர் எல்லை மின்னோட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் அது லேசரே இல்லை, மினுக்கும் சாதாரண எல்இடி. அந்த எல்லையும் டையோடு சூடாகச் சூடாக மேலே நகரும். மின்னோட்டத்தைக் குறைத்து பவரைக் குறைக்கப் பார்த்தால், காலையில் விழுந்த கோடு மே மாத மத்தியானத்தில் விழாது.

ஆகவே வேறு வழி பிடித்தார்கள். கதிர் எரிந்தால் முழு பலத்தோடு எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். 10 சதவீதம் என்றால், பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிகிறது என்று பொருள். துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று புத்தகங்களிலும், பிடபிள்யூஎம் என்று பட்டறைகளிலும் சொல்வார்கள். திருகுகிற குமிழ் வைத்த எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. மின்சாரத்தை நொடிக்கு 100 தடவை வெட்டுகிறது, ஃபேன் தன் கனத்தால் அந்த வெட்டுகளை நிரவிக்கொள்கிறது.

இதை மெஷினின் மூளை செய்கிற விதம் எனக்குக் கொள்ளைப் பிரியம். பல மெஷின்களில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது, அதன் ஆதி வீடு ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மின்னணுப் பலகை. அதிலுள்ள சில்லின் கடிகாரம் நொடிக்கு 1,60,00,000 தடவை தட்டும். 64 தட்டுக்கு ஒன்று என்று எண்ணினால் நொடிக்கு 2,50,000. கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்தி எண்ணும் பிள்ளை போல சில்லு 0-விலிருந்து 255 வரை எண்ணும், முடிந்ததும் மறுபடி 0. 2,50,000-ஐ 256-ஆல் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு சுமார் 976 சுற்று. நீங்கள் 10 சதவீதம் கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 25 எண்ணும்வரை லேசர் எரியும், மிச்ச நேரம் அணைந்திருக்கும். அவ்வளவுதான். எண்ணத் தெரிந்த ஒரு சில்லும் ஒரு ஒப்பீடும் சேர்ந்து நெருப்பை ஆள்கின்றன!

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிமிடத்துக்கு 12,000 மில்லிமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 200. அந்த வேகத்தில் ஒரு சுற்று முடிவதற்குள், லேசரைத் தாங்கி ஓடும் தலை 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கதிரின் புள்ளியோ 0.1 மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தில் ஓட உங்கள் மெஷினுக்குத் தெம்பு இருந்தால், பவரைக் கொஞ்சமாக வைத்து ஒரு காகித அட்டையில் ஓடவிட்டு, லென்ஸில் பாருங்கள். கோடு இருக்காது, தைத்த நூல் போலப் புள்ளிகள் இருக்கும். மெதுவாகப் போனால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். சுட்ட இடம் ஆறுவதற்குச் சில மில்லிநொடி ஆவதால், மரமே ஃபேன் மாதிரி நிரவிக்கொள்ளும்.

சரி, 10-ல் ஏன் ஒன்றும் விழவில்லை? எண்ணெய் காயும்வரை கடுகு வெடிக்காது, அதுதான் விஷயம். மரம் கருகத் தொடங்கவே 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அவர் ஓட்டிய வேகத்தில் 10 அந்தச் சூட்டை எட்டவில்லை, 20 எட்டிவிட்டது. பாதி பவர், பாதி கருப்பு என்ற கணக்கு மரத்துக்குத் தெரியாது.

இனி சுழி. பேருந்து வளைவில் வேகம் குறைப்பது போல, மெஷினின் தலையும் திரும்பும் இடத்தில் வேகம் குறைக்கும். 1 வாட்டில் (5 வாட்டில் 20 சதவீதம்), நொடிக்கு 50 மில்லிமீட்டர் போகும்போது ஒரு மில்லிமீட்டருக்கு 0.02 ஜூல் விழுகிறது. சுழியில் வேகம் 10 ஆனால் அதே மில்லிமீட்டருக்கு 0.1 ஜூல், ஐந்து மடங்கு. ஆங்கில எழுத்தில் மூலைக்கு மூலைதான் இந்தத் தொல்லை. நம் 'இ', 'ண', 'ழ' எல்லாம் தொடங்கினதிலிருந்து முடிக்கிறவரை வளைவு. ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்கள் வளைவில் கை அழுத்தத்தை மாற்றியிருப்பார்கள். மெஷினுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தர ஒரே வரி போதும். ஜிஆர்பிஎல்லில் $32=1 என்று வைத்து (லேசர் முறைக்கு மாற்றும் அமைப்பு இது), பவரை மாற்றாமல் எரியவிடும் எம்3 கட்டளைக்குப் பதில் எம்4 போட்டால், தலையின் வேகம் குறையும்போது பவரும் அதே விகிதத்தில் குறையும். தலை நின்றால் கதிரும் அணையும்.

நடுவில் ஒன்று. மெஷினில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொல்லி அவருக்கு யாரோ யோசனை சொன்னார்களாம். கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கட்டும்போது 450 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடி மூக்கின்மேல் இருக்க வேண்டும். நீல லேசர் நேராக விழித்திரைக்குப் போகும், பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பி வந்தாலும் போகும். கண்பட்டதை விரட்டலாம், கண் போனால் திரும்பாது. இன்னொரு வருத்தமும் உண்டு. நீல எல்இடிக்காக 2014-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான நாகமுரா, அதைக் கண்டுபிடித்த காலத்தில் ஜப்பானின் தோகுஷிமா பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியராக இருந்தார். நீல லேசர் டையோடுக்கும் அவருடைய வேலைதான் வழிவிட்டது. பெருநகரம் இல்லாத ஊரில், பலிக்குமா என்று தெரியாத வேலைக்கு ஒரு முதலாளி பணம் கொடுத்தார். இங்கே ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் முதல் கேள்வியே 'எப்போது லாபம் வரும்' என்பது.

மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து அடுத்த படம் வந்தது. கரும்பொட்டைக் காணோம், ஆனால் இப்போது சுழி கொஞ்சம் வெளிறிவிட்டது! அதுவும் கடுகு விவகாரம்தான். மில்லிமீட்டருக்கு விழும் ஆற்றல் சமம், ஆனால் மெதுவாக விழுவதால் சூடு மரத்துக்குள் கசிந்துவிடுகிறது. வேகத்தையே நிமிடத்துக்கு 3,000-லிருந்து 1,200 ஆக்கி, அதற்கேற்ற பவரை ஒரு துண்டுப் பலகையில் கட்டம் கட்டமாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நேர்கோட்டு வேகமே குறைவாக இருந்தால் சுழியில் குறைய அதிகம் இருக்காது. அப்புறம் வந்த படத்தில் 'இ' முழுக்க ஒரே நிறம். பலகைக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கிறதாம். அடுத்து சிரட்டையில் பெயர் பொறிக்கப் போகிறேன், அதற்கு என்ன பவர் என்று கேட்டிருக்கிறார்.