நல்லூருக்கு வரும் மாமாவிடம் கிராபிக்ஸ் கார்ட் சொல்ல முதல்

ஆடி பிறந்தால் போதும், எங்கள் கம்பியூற்றர் கடைக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, நல்லூர்த் திருவிழாவுக்கு மாமா கனடாவில இருந்து வாறார், ஒரு கிராபிக்ஸ் கார்ட் சொல்லி விடப் போறன், எது நல்லது?" எதற்கு என்று கேட்டால் முன்பெல்லாம் சண்டை விளையாட்டுகளின் பெயர்தான் வரும். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, சென்னையில் இருந்து ஏடிஆர் 72 என்ற சின்னப் பயணிகள் விமானம் வந்து இறங்கத் தொடங்கிய பிறகு, விமான சிமுலேற்றர் (கம்பியூற்றரில் விமானம் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிற பெடியள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சிமுலேற்றரை மற்ற கேம்களின் கணக்கில் வைத்துக் கார்ட் வாங்குவதால் வீணாகும் காசைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி வந்தார். ரைசன் 5 2600 புரொசசர், பி450 மதர்போர்ட், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்ட், சாதாரண 1080பி மொனிற்றர். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேற்றரில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது படம் விக்கி விக்கி வருகிறது, ஆகவே ஆர்டிஎக்ஸ் 4070 கார்ட் வேண்டும் என்று முடிவே எடுத்துவிட்டார். மாமாவிடம் சொல்லியும் ஆயிற்று, மாமா விலையும் பார்த்துவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மெஷினை ஒருக்கா கடைக்குக் கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தார். கட்டுநாயக்கா ஓடுபாதையில், விமானிக் கூடத்துக்குள் இருந்து பார்க்கும்போது 30 எஃப்பிஎஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 30 படம். கார்டின் பயன்பாடு 60 வீதத்தைச் சுற்றித்தான் நின்றது. கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060ஐப் போட்டு, அதே இடம், அதே நேரம், அதே வானிலை. 32 எஃப்பிஎஸ். தம்பி என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். கார்டின் பயன்பாடு இப்போது 45 வீதத்துக்கு இறங்கியிருந்தது. புதுக் கார்ட் செய்த ஒரே வேலை, முன்னதைவிடக் கூட நேரம் சும்மா இருந்ததுதான்.

இது ஏன் என்று விளங்க ஒரு கொத்துரொட்டிக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஐந்து பேர் வெங்காயம் வெட்டலாம், முட்டை உடைக்கலாம், ரொட்டி போடலாம், ஆனால் இரண்டு தகட்டையும் கையில் பிடித்துக் கொத்துகிறவர் ஒருவர்தான். புரொசசருக்குள் ஓடும் சிமுலேற்றரின் முக்கிய வேலை வரிசையான மெயின் திரெட் அவர்தான். விமானத்தின் இயக்கம், விமானிக் கூடத்துத் திரைகள், மற்ற விமானங்களின் போக்குவரத்து, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கணக்கு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு ஆளின் கைக்குப் போகிறது. கிராபிக்ஸ் கார்ட், கொத்தியதைத் தட்டில் போட்டு மேசைக்குக் கொண்டு போகிறவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாலும் கொத்து வந்தால்தானே கொண்டு போக.

டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்து "அண்ணை, புரொசசர் 30 வீதம்தானே காட்டுது, அதில பிழை இல்லை" என்பார்கள். அந்த 30 வீதம் ஏமாற்றும். 12 திரெட் உள்ள புரொசசரில் ஒரேயொரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 வீதம் அளவுதான்.

சரி, வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? மைக்ரோசொப்ட் சிமுலேற்றரின் அமைப்புகளில் டெவலப்பர் மோட் இருக்கிறது. அதைப் போட்டு, மேலே வரும் பட்டியலில் எஃப்பிஎஸ் காட்டச் சொன்னால், 'லிமிற்றெட் பை மெயின்திரெட்' (தடை மெயின் திரெட்டில்) அல்லது 'லிமிற்றெட் பை ஜிபியு' (தடை கார்டில்) என்று அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் ஓட்டுகிறவர்கள் டேற்றா அவுட்புட்டில் பிரேம் ரேட் வரியைத் தெரிவு செய்தால் புரொசசருக்கும் கார்டுக்கும் எடுக்கும் நேரம் தனித்தனியாக வரும். இதெல்லாம் குழப்பம் என்றால் எளிய வழி ஒன்று: கார்ட் படத்தை எத்தனை வீதம் நுணுக்கத்தில் வரைகிறது என்பதைச் சொல்லும் ரெண்டர் ஸ்கேலிங்கை 100இல் இருந்து 50க்கு இறக்குங்கள். படம் மங்கும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டில்தான் குறை. ஏறவே இல்லை என்றால் கார்டில் கை வைக்க வேண்டாம். சோதிக்கும்போது எஃப்பிஎஸ்ஸை மொனிற்றரின் வேகத்தோடு கட்டிப் போடும் வி-சிங்க், எஃப்பிஎஸ் எல்லை இரண்டையும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே தப்பாகக் காட்டும். நடுக்கடலுக்கு மேலே 35 ஆயிரம் அடியில் சோதிக்கவும் வேண்டாம், அங்கே எந்த மெஷினும் ராசாதான். உங்களுக்கு எங்கே விக்குகிறதோ அங்கேயே நின்று பாருங்கள்.

நானும் இந்தப் பாடத்தை ஒருவரின் காசில்தான் படித்தேன். 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய மைக்ரோசொப்ட் சிமுலேற்றரை விடாமல் ஓட்டிய சுன்னாகம் ஐயா ஒருவருக்கு, பழைய ஐ3 மெஷினில், ஒன்றும் சோதிக்காமல் ஜிடிஎக்ஸ் 1060 போட்டுக் கொடுத்தேன். எஃப்எஸ்எக்ஸ் முழுக்க முழுக்கப் புரொசசரை நம்பி ஓடும் 32 பிட் மென்பொருள், 4 ஜிபி நினைவகத்தைத் தாண்டாது, கார்டை மாற்றி அதற்கு என்ன வரப் போகிறது. இரண்டு நாளில் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை, "தம்பி, அப்பிடியேதான் இருக்கு" என்றார். அதைவிட அவர் சத்தம் போட்டிருக்கலாம். நட்டத்துக்குத் திருப்பி எடுத்தேன்.

மெயின் திரெட்தான் குறை என்று தெரிந்தால் முதலில் காசில்லாத வைத்தியம். எவ்வளவு தூரம்வரை நிலத்தை நுணுக்கமாகக் காட்டுவது என்ற டெரெயின் எல்ஓடியை 200இல் வைத்துவிட்டுப் புலம்புகிறவர்கள் அதை 100க்கு இறக்கிப் பார்க்கலாம். வேற்று விமானப் போக்குவரத்தைக் குறைக்கலாம். விமானிக் கூடத்துத் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தைக் குறைக்கலாம். மேகமும் நிழலும் பெரும்பாலும் கார்டின் பாரம், அவற்றைக் குறைத்து இங்கே பலனில்லை. நிலம் மட்டும் மங்கலாக, கட்டடங்கள் தாமதமாக வருகிறதென்றால் அது பெரும்பாலும் இன்ரர்நெற் வேகம். மைக்ரோசொப்ட் சிமுலேற்றரின் 2024 பதிப்புக்கு 50 எம்பிபிஎஸ் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள், பின்னேரம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இன்னொன்று, இது சுடுகிற விளையாட்டு இல்லை. ஏடிஆர் ஓட்ட 144 எஃப்பிஎஸ் தேவையே இல்லை, ஏறி இறங்காமல் 30இல் கட்டிப் போட்டாலே கண்ணுக்கு அமைதியாக இருக்கும்.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள், நான் கார்ட் விற்கிறவன். மானிப்பாயில் ஒரு ஆசிரியரிடம் ரைசன் 5 5600 இருந்தது, நல்ல புரொசசர், கூடவே 1440பி மொனிற்றர், ஆனால் கார்ட் பழைய 4 ஜிபி 1050 டிஐ. 1080பியில் வரைய வேண்டியது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளி, 1440பியில் 37 இலட்சம், 4கே என்றால் 83 இலட்சம். மெயின் திரெட்டின் வேலை இதனால் கூடுவதில்லை, கார்டின் வேலைதான் கூடுகிறது. ரெண்டர் ஸ்கேலிங்கை இறக்கியதும் எஃப்பிஎஸ் இரட்டிப்பாகியது, இனிச் சந்தேகம் என்ன. 12 ஜிபி உள்ள 3060 போட்டோம். கார்டின் நினைவகம் நிரம்பினால் மிச்சம் ராமுக்குப் போய் வர வேண்டியிருக்கும், அதுதான் திரும்பும்போது வெட்டி வெட்டி வரும். இனிமேல் சிமுலேற்றருக்கென்று 8 ஜிபிக்குக் குறைந்த கார்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விஆர் கண்ணாடி போடப் போகிறவர்களுக்கும் பெரிய கார்ட் வேண்டும்தான்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இருந்து பிரேம் ஜெனரேஷன் வருகிறது, இரண்டு படத்துக்கு இடையில் கார்டே ஒரு படத்தை உருவாக்கிச் செருகும், மெயின் திரெட்டைக் கேட்பதில்லை. ஆகவே புரொசசர் தவிக்கும் மெஷினிலும் பார்வைக்கு ஓட்டம் வடிவாக வரும். ஆனால் அடியில் வருவதே 20 எஃப்பிஎஸ் என்றால் விமானம் கைக்குப் பிந்தித்தான் கேட்கும், திரையில் ஓடும் இலக்கங்களும் சில நேரம் இழுபடும். இதற்காக மட்டும் கார்ட் வாங்க நினைத்தால், முதலில் லொஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற சின்ன மென்பொருளைப் பழைய கார்டிலேயே ஓட்டிப் பாருங்கள், கார்ட் விலைக்கு அது தூசு.

அப்புறம் கரண்ட் விஷயம். 3060க்கு 170 வாட், 4070க்கு 200 வாட். கேசிங்கோடு சும்மா வரும் பவர் சப்ளையின் பக்கத்தில் 500 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி 200 வாட் கார்ட் போடாதீர்கள், பெயர் தெரிந்த நிறுவனத்தின், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ள பவர் சப்ளைக்கான காசையும் கார்டின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். யூபிஎஸ்ஸை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 650 விஏ என்றால் 650 வாட் இல்லை, பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும். பறந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போக, யூபிஎஸ் ஒரு கத்துக் கத்திவிட்டு நிற்க, மெஷினும் சேர்ந்து நின்றதென்று வந்தவர்கள் உண்டு. கார்டில் பிழை இல்லை, பாரம் கூடிவிட்டது. கனடாவில் இருந்து பழைய மெஷினை முழுதாகக் கொண்டுவருகிறவர்கள் பின்னால் பவர் சப்ளையில் மின்னழுத்தம் மாற்றும் சிவப்பு நிற ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். 115 வோல்ற்றில் விட்டு எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் வெடிச் சத்தம் கேட்கும்.

பாவித்த கார்ட் வாங்குவதில் தப்பில்லை. 2022 செப்டெம்பரில் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் எடுக்கும் மைனிங் நின்றபின் சந்தைக்கு வந்தவை நிறைய, அவற்றிலும் நல்லவை உண்டு. அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள், விசிறியை விரலால் அசைத்துப் பாருங்கள், பொருத்தும் பகுதியில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள், கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் சோளகத்துத் தூசியும் சேர்ந்து செய்கிற வேலை அது. கார்டுக்குள் உள்ள உண்மையான சிப்பைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள். 1050 டிஐ என்று பெட்டியில் எழுதி, உள்ளே பத்து வருடத்துக்கு மேல் பழைய ஜிடிஎஸ் 450 சிப் வைத்த கார்டுகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டுக் கார்ட் பழுதானால் மாமா அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கோண்டாவில் தம்பி மாமாவுக்குத் திரும்ப அழைத்து 4070 வேண்டாம் என்றார். பதிலாக வந்தது கைக்குள் அடங்கும் ஒரு புரொசசர், ரைசன் 7 5700எக்ஸ்3டி. 96 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் சிமுலேற்றர் அதில் வேறு மாதிரி ஓடும், அவருடைய பழைய பி450 போர்டிலேயே இருக்கும். பழைய புரொசசர் போர்டில் இருக்கும்போதே புதியதை அடையாளம் காண போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்தோம், கழற்றிய பிறகு யோசித்தால் திரை வராது. கட்டுநாயக்காவில் அதே இடத்தில், அதே 1660 சூப்பரோடு, 47 எஃப்பிஎஸ். டெவலப்பர் மோடைத் திறந்து பார்த்த தம்பி சிரித்தார். இப்போது 'லிமிற்றெட் பை ஜிபியு' என்று எழுதியிருந்தது. மாமாவோ அடுத்த வருடமும் நல்லூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.