301-இல் நின்ற எண்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரின் முன்கண்ணாடி வழியே படம்பிடித்து, ஒருவர் யூடியூபில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 1,240 என்றிருந்த பார்வை எண்ணிக்கை மாலையில் 1,190 ஆகக் குறைந்திருந்தால், யாரோ கணக்கில் கைவைத்துவிட்டார்கள் என்றே அவர் நினைப்பார். கைவைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது போலிப் பார்வைகளைக் கழிக்கும் கணக்குத் தணிக்கை.

காணொளி ஓடத் தொடங்கியதும், கைப்பேசியிலுள்ள செயலி அதை ஒரு சிறு செய்தியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் எந்த நொடிவரை ஓடியது என்று இடையிடையே தெரிவிக்கிறது. ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்காக மாற்றி எழுத வேண்டியிருந்தால் ஒவ்வொரு செய்தியும் வரிசையில் காத்திருக்க நேரும் என்பதால், பல கணினிகள் தனித்தனியே எண்ணிவைத்துப் பிறகு மொத்தம் சேர்க்கின்றன. சேலத்திலிருந்து கிளம்பும் பேருந்துகளின் வசூல் அந்தந்த கண்டக்டர் கையில் இருக்க, இரவில் டெப்போவில் கணக்கு ஒப்படைத்த பிறகே அன்றைய மொத்தம் தெரியவருவதைப் போன்றது இது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே காணொளியைத் திறந்து வெவ்வேறு எண்களைக் காண்பதற்கும் இதுவே காரணம்.

பழைய யூடியூபில் இந்தத் தணிக்கை கண்ணுக்கே தெரிந்தது. பரபரப்பாக ஓடும் காணொளிகளின் எண்ணிக்கை 301-ஐத் தொட்டதும் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். முதல் சில நூறு பார்வைகளில் ஏமாற்று இருந்தாலும் பெரிய பாதகமில்லை என்று அவற்றை அப்படியே காட்டிவிட்டு, அதற்கு மேற்பட்டவற்றைச் சரிபார்த்த பிறகே சேர்த்தார்கள். எல்லை 300 என்றால் 301 எப்படி வந்தது? ‘300 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒன்றைக் கூட்டு’ என்று நிரலில் எழுதப்பட்டிருந்ததால், 300 இருக்கும்போதும் ஒன்று கூடிவிட்டது. 2015 ஆகஸ்டில் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். இப்போது நம்பத்தக்க பார்வைகள் உடனே சேர்கின்றன; ஐயத்துக்குரியவை நிறுத்திவைக்கப்படுகின்றன, அல்லது பின்னர் கழிக்கப்படுகின்றன.

எது ஐயத்துக்குரியது என்பதுதான் கடினமான கேள்வி. ஒரே கருவி மாறாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் அதே காணொளியைத் திறப்பது எளிதில் அகப்படும். ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐபி) ஐம்பது பார்வைகள் வந்தால் மட்டும் அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. சேலத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் ஐம்பது மாணவர்கள் ஒரே வைஃபையில் இருக்கலாம், கைப்பேசி நிறுவனங்களும் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதுண்டு. ஆகவே முகவரி, கருவி, பார்த்த நேரம், காணொளிக்கு வந்து சேர்ந்த வழி ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. இதன் துல்லியமான விதிகளை யூடியூப் வெளியிடுவதில்லை. டிக்கெட் பரிசோதகர் எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பரிசோதனைக்கு என்ன பொருள்? 30 நொடி பார்த்தால்தான் ஒரு பார்வை என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்த 30 நொடி, தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரங்களுக்காக வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட கணக்கு.

எண்ணை வைக்கும் இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களில், குறை எண்களுக்கும் இடம் விட்டு எழுதும் எண்ணில் அதிகபட்சம் 2,14,74,83,647 வரைதான் எழுத முடியும். ‘கங்னம் ஸ்டைல்’ என்ற கொரியப் பாடல் அதைத் தாண்டியதை 2014 டிசம்பரில் அறிவித்த யூடியூப், எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியது. இப்போதைய எல்லை ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடி.

இத்தனை கவனமாக எண்ணினாலும், எதைப் பார்வை என்கிறார்கள் என்பது தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஃபேஸ்புக் 3 நொடியை ஒரு பார்வையாகக் கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் 2023 முதல் மொத்தம் பார்க்கப்பட்ட மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துச் சொல்கிறது. ஒரு கடையில் மல்கோவாவை எண்ணிக் கொடுத்து, அடுத்த கடையில் நிறுத்துக் கொடுத்தால் விலையை ஒப்பிட முடியாது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பெருமை பேசுவதும் அப்படித்தான். யூடியூப் ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளிப் பகுதியில் 2025 மார்ச் 31 முதல், காணொளி ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ அது ஒரு பார்வையாகிவிடுகிறது, எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற கேள்வியே இல்லை. ஆனால் படைப்பாளிகளுக்குப் பணம் கணக்கிடும்போது மட்டும், இன்னமும் பழைய முறையில் எண்ணிய பார்வைகளையே எடுத்துக்கொள்கிறார்கள்.